கல்லு என்று அவர் சொன்ன எண்

பஸ்ஸில் டிக்கெட்டை வாங்கியதும் எல்லோரும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள், இல்லையென்றால் விரலிடுக்கில் சுருட்டிக்கொள்வார்கள். ரேக் அக்கா முதலில் அதன் நம்பரைப் பார்ப்பார். கண்ணைக் கொஞ்சம் இடுக்கிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, "மூணு போவும், பதிமூணு போவும், மீதி கல்லு" என்று சொல்லி முடித்த பிறகுதான் அதை முந்தானையில் முடிவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஏதோ மந்திரம் ஓடுகிறது என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. கம்பெனியில் யாரும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. கியர் ரேக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததால் ரேக் அக்கா. பென்னலூர்க்காரர். எட்டாவது வரை படித்தவர். வேலைக்கு நடந்தே வருவார், வெளியூர் போனால்தான் பஸ்.

கல்லு என்றால் உடையாத எண். பள்ளிக்கூடத்தில் நான் பகா எண் என்று படித்தது. உடையும் எண்ணை உதிரி என்பார். மூணு போவும் என்றால் மூன்றால் சரியாக வகுபடும். என் டோக்கன் நம்பர் 221. சேர்ந்த அன்று அதைப் பார்த்துவிட்டு, "பதிமூணும் பதினேழும். ரெண்டு பேரும் தனியா கல்லுதான், சேந்து நின்னுகினு கீறாங்க" என்றார். மெஷின் ஓட்டுகிற அண்ணனுடைய நம்பர் 144. "ஒனக்கு தட்டினா தூளுண்ணா" என்று அவரைக் கேலி செய்வார். அக்காவுடையது 89.

"அது கல்லு. அதான் ஒங்க கிட்ட பேசி ஒருத்தனும் செயிக்க முடியல்ல" என்பார் அண்ணன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்.

மேனேஜர் ஆசையாகக் கேட்டு வாங்கிய ஸ்கூட்டர் நம்பர் 1001. அதற்கு அவர் கேட்டில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா என் காதில், "ஏழு, பதினொண்ணு, பதிமூணு. பாவம், ஒரு ஸ்கூட்டர்ல மூணு பேரு" என்றார். நான் சிரித்துவிட்டேன். மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

நான் அங்கே சேர்ந்தது தொண்ணூற்றொன்றில். கணக்கில் பட்டம் வாங்கியிருந்தேன். மணிமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். அப்பா அடுத்தவர் நிலத்தில் வேலை செய்பவர், கைநாட்டு. பிளானிங் அசிஸ்டென்ட் என்று ஆர்டர் வந்ததும் அவர் முதலில் கேட்டது, "அங்க கையெழுத்தெல்லாம் போடுவியா?" என்றுதான். போடுவேன் என்றேன். அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. சாப்பிடும்போது மறுபடி கேட்டார்.

எங்கள் வேலை பற்சக்கரம் வெட்டுவது. சாய்ந்த பல் வைத்த சக்கரம் வெட்டும்போது, பல் எவ்வளவு சாய வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பக்கவாட்டுப் பெட்டியில் ஆறு கியர்களை மாட்டுவோம். மேலே மூன்று, கீழே மூன்று. கீழே எப்போதும் 80, 100, 125. அந்த மூன்றையும் பெருக்கினால் சரியாகப் பத்து லட்சம். மேலே மாட்டுகிற மூன்றையும் பெருக்கினால் என்ன வருகிறதோ அதுதான் சாய்வைத் தீர்மானிக்கும். கணக்கில் 0.504000 என்று வந்தால் 60, 70, 120 மாட்டினால் போதும். ஆனால் கணக்கு அவ்வளவு நல்ல பிள்ளையாக வருவதில்லை. ஏதோ ஒரு ஆறு இலக்க எண் வரும். அது ரேக்கில் தொங்குகிற கியர்களில் மூன்றாக உடைந்தாக வேண்டும்.

ரேக்கில் இருபது பல் கியரிலிருந்து நூற்றிருபத்தேழு பல் கியர் வரை, ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று, மொத்தம் நூற்றெட்டு. மெஷினோடு வெளிநாட்டிலிருந்து வந்த செட். தனியாக ஒன்று வாங்க முடியாது என்பார்கள். அக்கா தினம் காலையில் வெள்ளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். "நூத்தெட்டு போற்றி ஆரம்பிச்சாச்சு" என்பார் அண்ணன்.

முதல் வாரத்தில் ஒரு எண்ணைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போனேன். 385294. அதை உடைக்கக் கால்குலேட்டரும் ஒரு முழுத் தாளும் கையில் இருந்தன. அக்கா சீட்டை வாங்கிப் பார்த்தார். எழுந்தார். ரேக்கில் மூன்று இடத்தில் கை வைத்தார். கவுண்டரில் மூன்று கியர் வந்து விழுந்தது.

"அம்பத்தெட்டு, எழுவத்திமூணு, தொண்ணூத்தொண்ணு. கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துனு போ சார்."

கால்குலேட்டரில் பெருக்கிப் பார்த்தேன். ஓர் இலக்கம்கூடத் தப்பவில்லை. எனக்கு வாய்ப்பாடு பதினாறு வரைக்கும்தான் தெரியும். அக்காவுக்கு நூற்றிருபத்தேழு வரைக்கும் தெரிந்திருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான்கு வருடமாக அந்தக் கியர்களை எடுத்துக் கொடுத்து, வாங்கி மாட்டி, எது எதோடு சேர்ந்தால் என்ன வரும் என்பது கையிலேயே ஏறிவிட்டிருந்தது. ஒரு கியரை எடுக்கும்போதே பக்கத்து ஆணியையும் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் கையை எடுப்பார். அது ஏன் என்று கேட்டதற்கு, "கூப்டா வர்றேன்னு அதுவும் பாத்துகினு இருக்கும் இல்ல?" என்றார்.

அவர் வாயில் எப்போதும் இருக்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாத்தியா, பாக்கலியா?"

டிரம்மில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று யாராவது வந்து சொன்னால், பாத்தியா என்பார். கான்டீனில் இட்லி தீர்ந்துபோச்சு என்றாலும் அதே கேள்விதான். அவருடைய மகள் ஒருநாள் மத்தியானம் கேட்டுக்கு ஓடிவந்து, "எங்க கிளாஸ்ல எல்லாரும் பாஸும்மா" என்று சொன்னபோது, அந்தப் பெண்ணின் தலையைக் கோதிக்கொண்டே, "எல்லாரு மார்க்கையும் பாத்தியா?" என்று கேட்டார். அது முழித்தது. "அப்ப நான் பாஸுன்னு மட்டும் சொல்லு, போதும்" என்று அனுப்பினார். எனக்கு அந்தக் குழந்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

என்னையும் விட்டுவைக்கவில்லை. சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம். ஓர் எண்ணை அவசரமாக வகுத்துப் பார்த்துவிட்டு, "இது கல்லுக்கா, பக்கத்து எண் பார்க்கலாம்" என்றேன்.

"எதுவரிக்கும் பாத்தே?"

"நாற்பத்தேழு வரைக்கும்."

"அப்ப நாப்பத்தேழு வரிக்கும் போவலன்னு சொல்லு. கல்லுன்னு சொல்லாத."

அடுத்தது ஐம்பத்துமூன்று. அதில் போயிற்று. அண்ணன் சாப்பாட்டுத் தூக்கோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பி.எஸ்சி. படிச்சவுகளுக்குப் பசி வந்தா நம்பரும் கல்லாத்தான் தெரியும்" என்றார். அன்றிலிருந்து கல்லு என்ற வார்த்தையைச் சொல்ல எனக்குப் பயம்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், 734387 வந்த அன்று நான் ஏன் அவரை நம்பினேன் என்பது புரிய வேண்டும்.

ஒரு மில்லுக்கு ஒரே ஒரு சின்னச் சக்கரம் வேண்டியிருந்தது. ஜோடிச் சக்கரம் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. இது மட்டும் உடைந்துவிட்டது. கோணத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 0.734387. மேனேஜர் இந்த மாதிரி வேலைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆறு இலக்கமும் மாறக் கூடாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஏன் மாற்றினோம் என்று டீவியேஷன் ஷீட்டில் எழுதி, எழுதினவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அக்கா சீட்டைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்ததாக இப்போது தோன்றுகிறது.

"கூட்டினா முப்பத்திரெண்டு, மூணு போவாது. அறுவத்தேழு போவும். மீதி பத்தாயிரத்தி தொள்ளாயிரத்தி அறுவத்தொண்ணு. அது கல்லு."

"பக்கத்துல ஏதாவது உடையுமாக்கா?"

"ஒண்ணு ஏறினாலும் ஒடையாது, எறங்கினாலும் ஒடையாது. ரெண்டும் அப்டிதான். மூணு எறங்கினா எழுவத்தொம்பது, எம்பத்திமூணு, நூத்திப்பன்னெண்டு. மூணு ஏறினா அறுவத்திரெண்டு, நூத்திமூணு, நூத்திப்பதினஞ்சு. எது வோணும்?"

இரண்டையும் பெருக்கிப் பார்த்தேன். 734384. 734390. என் எண்ணுக்குச் சரியாக மூன்று கீழே ஒன்று, மூன்று மேலே ஒன்று. நடுவில் ஒன்றும் உடையாது என்கிறார். இவ்வளவையும் நின்ற இடத்தில் பார்த்துச் சொல்கிறவர் பத்தாயிரத்துச் சில்லறையில் தப்புவாரா? ஷீட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன், இந்த எண்ணை இருக்கிற கியர்களால் உடைக்க முடியாது, அதனால் 734384 என்று. கையெழுத்துப் போட்டேன். கம்பெனியில் நான் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்ட முதல் தாள் அதுதான். அண்ணன் சக்கரத்தை வெட்டினார். மில்லுக்குப் போய்ச் சேர்ந்து நன்றாகவே ஓடியது. பத்து லட்சத்தில் மூன்று என்பது அந்த ஜோடிச் சக்கரத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா இருந்தபோது அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்தது. எதுவரைக்கும் பார்த்தேன்? 10961-ஐ நான் பார்க்கவே இல்லை. பார்க்காமல் எழுதியிருக்கிறேன். நோட்டை எடுத்து ஏழிலிருந்து ஆரம்பித்தேன். நூற்றுமூன்று வரை பார்த்தால் போதும், அதற்கு மேல் தேவையில்லை என்பது படிப்பு சொல்லிக்கொடுத்தது.

"ஞாயித்துக்கெழமைல இன்னாடா எழுதினுகீற?" என்றார் அப்பா.

"கையெழுத்துப் போட்ட கணக்கு ஒண்ணு, சரியான்னு பாக்கறேன்."

"போடறதுக்கு முன்னாடி பாக்க மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

எண்பத்துமூன்று போகவில்லை. எண்பத்தொன்பது போகவில்லை. தொண்ணூற்றேழு போயிற்று. மீதி நூற்றுப்பதின்மூன்று.

67, 97, 113. மூன்றுமே கல். மூன்றுமே இருபதுக்கு மேல், நூற்றிருபத்தேழுக்குக் கீழ். இந்த எண்ணை மூன்று கியராக உடைக்க ஒரே ஒரு வழிதான் உண்டு, அந்த வழி நம் ரேக்கிலேயே தொங்குகிறது. முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதை மறைக்க மாட்டேன். ரேக் அக்கா தப்பு செய்திருக்கிறார், நான் கண்டுபிடித்துவிட்டேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

அக்கா துணியோடு ரேக்கின் முன்னால் நின்றிருந்தார்.

"அக்கா, பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணு கல்லு இல்ல. தொண்ணூத்தேழு போகுது."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நானும் பாத்தேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நூற்றுப்பதின்மூன்று பல் கியரை ஆணியிலேயே பாதி சுற்றினார். ஆணிகள் நெருக்கமாக இருப்பதால் ஒவ்வொரு கியரின் ஓரமும் பக்கத்துக் கியருக்குப் பின்னால் மறைந்திருக்கும். மறைந்திருந்த பக்கம் முன்னால் வந்தது. இரண்டு பல் இல்லை.

"வந்த மொத மாசம். தொடைக்க எடுத்தேன், எண்ணெக் கையி, நழுவிடுச்சு. சிமிட்டித் தரை. அப்போ நான் வந்து இருவது நாளுகூட ஆவல. சொல்லியிருந்தா அன்னிக்கே கேட்டுக்கு வெளிய வுட்டிருப்பாங்க. திருப்பி மாட்டிட்டேன். அதுக்கப்பறம் நூத்திப்பதிமூணு வோணும்ங்கற நம்பர் வந்தா கல்லுன்னு சொல்லிடுவேன். கல்லுன்னா யாரும் ரேக்க பாக்க மாட்டாங்க."

"நாலு வருஷமாவா?"

"எப்பனா ஒண்ணுதான் வரும். இதோட எட்டு."

எதுவரைக்கும் பார்த்தாய் என்று என்னை நிற்க வைத்துக் கேட்டவர் இவர்தான். கோபப்படலாமா என்று யோசித்தேன். வரவில்லை.

அந்த மாதம்தான் பெர்மனென்ட் லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது. நான்கு வருடம் டெம்பரரியாக இருந்த அக்காவின் பெயர் அதில் இருக்கிறது என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். ஷீட்டை நான் திருத்தினால், உடைகிற எண்ணை ஏன் உடைக்கவில்லை என்று மேனேஜர் கேட்பார். ரேக்குக்கு வருவார். அக்காவின் வேலை போய்விடும். திருத்தாவிட்டால் என் முதல் கையெழுத்துக்கு மேலே இருப்பது பொய். சக்கரம் நன்றாக ஓடுகிறது, யாருக்கும் நஷ்டமில்லை, என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்பா கேட்ட கேள்விக்கு அது பதிலாகவில்லை.

அக்கா கெஞ்சவில்லை. "நீ எழுதறத எழுது சார். எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிடு. அவ்ளோதான்" என்றார்.

இரண்டு நாள் நான் எழுதவில்லை. சீட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர் முன்போலவே உடைத்துக் கொடுத்தார். முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. நான்தான் கவுண்டரில் இருந்த கியர்களைப் பார்த்தே பேசினேன்.

புதன்கிழமை எனக்கு ஒன்று தோன்றியது. இது கியர் வெட்டுகிற கம்பெனி. ஒரு கியரை வெட்டிக்கொண்டால் என்ன? அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். அவர் கையை விரித்தார்.

"நூத்திப்பதிமூணு பல்லு வெட்டணும்னா, மெஷினுல மாட்டுறதுக்கு நூத்திப்பதிமூணு கியர் வேணும்லா. நூறு பல்லுன்னா அது உடையும், வேற கியருகள வச்சு ஒப்பேத்திரலாம். இது கல்லுல்லா. அதுக்கு அதேதான் வேணும்."

"எனக்குத் தெரியாதா? மொத வருசமே யோசிச்சுப் பாத்துட்டேன்" என்றார் அக்கா.

பிளானிங் அலமாரியில் மெஷினோடு வந்த புத்தகம் ஒன்று இருந்தது. ஆங்கிலம். யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை, பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மத்தியானம் முழுவதும் அதைப் படித்தேன். பெரிய பகா எண் அளவுக்குப் பல் வெட்டுவது பற்றி ஒரே ஒரு பக்கம். அதில் இருந்த யோசனை எளிமையானது. சரியான எண்ணுக்கு மெஷினை வைக்க முடியாவிட்டால், மயிரிழை தள்ளி, உடைகிற ஓர் எண்ணுக்கு வைத்துவிடு. தள்ளிப்போன அந்த மயிரிழையைச் சாய்வுப் பல்லுக்காக இருக்கிற அந்த ஆறு கியர் பெட்டி வழியாகத் திருப்பிக் கொடு. நூற்றுப்பதின்மூன்றைச் சில மடங்கு பெருக்கி, ஒன்றைக் கூட்டியோ கழித்தோ, சின்னச் சின்னதாக உதிர்கிற எண் ஒன்று வேண்டும்.

அக்காவிடம் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லி முடிக்கவிடவில்லை.

"இருவது வாட்டி எடு. ஒண்ணு சேத்துக்கோ. ரெண்டாயிரத்தி எரநூத்தி அறுவத்தொண்ணு. ஏழு, பதினேழு, பத்தொம்போது. தூளு." பிறகு புத்தகத்தைக் கையில் வாங்கி, "இந்த பொஸ்தகம் நாலு வருசமா இங்கயா இருந்துச்சு?" என்றார்.

ஸ்க்ராப்பில் கிடந்த இரும்புத் துண்டு ஒன்றை அண்ணன் கடைந்து வட்டமாக்கினார். இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் வெட்டினார். பழைய கியருக்கு மேல் வைத்துப் பார்த்தோம், பல்லுக்குப் பல் உட்கார்ந்தது. அக்கா மூன்று தடவை எண்ணினார். நூற்றுப்பதின்மூன்று. ஆணியில் மாட்டியபோது எண்ணெய் ஊறிக் கறுத்த நூற்றேழுக்கு நடுவில் அது ஒன்று மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது.

நான் முடிவு செய்துவிட்டேன். மேனேஜரிடம் போய், அந்த எண் உடையும் சார், அறுபத்தேழுக்கு மேல் நான் வகுத்துப் பார்க்கவில்லை, என் தப்பு, என்று சொல்லி ஷீட்டைத் திருத்திவிடலாம். அதைவிட மோசமாக என்னை என்ன செய்துவிடுவார்கள்? எழுதுவதற்கு முன்னால் சொல்லச் சொன்னாரே என்று அக்காவிடம் சொன்னேன்.

"நீ அறுவத்தேழுக்கு மேல பாக்கலியா?"

"ஞாயித்துக்கிழமை பாத்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"நான் எதையுமே பாக்கல. நீங்க சொன்னத எழுதினேன்."

"அப்ப இதுவும் பொய்யிதானே. ஒரு பொய்ய அழிச்சிட்டு இன்னொரு பொய்ய எழுதறதுக்கு மொதல்ல இருந்ததையே வுட்டிருக்கலாம் இல்ல?" துணியை மடித்துக் கவுண்டரில் வைத்தார். "வா, போலாம்."

மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்ததும் ஏதோ லீவு கேட்க வந்திருக்கிறோம் என்றுதான் நினைத்தார். அக்கா நடந்ததை நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கியர் விழுந்தது, மறைத்தது, கல்லு என்று சொன்னது, இப்போது புதிதாக வெட்டி மாட்டியிருப்பது. மேனேஜர் எழுந்து ரேக்குக்கு வந்தார். வெள்ளையாக இருந்ததை எடுத்துக் கையில் எடை பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டார். பற்களின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"யார் வெட்டினது?"

அண்ணன் மெஷினுக்குப் பின்னாலிருந்து, "நாந்தான் சார்" என்றார்.

"கணக்கு?"

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மேனேஜர் அந்தக் கியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டவர் இல்லை அவர். எப்படியாவது இதைச் சின்னதாக முடித்துவிட வேண்டும் என்று பார்க்கிறார் என்பது எனக்கே தெரிந்தது. "சரி. மில்லு ஜாப் ஒண்ணுதானே? அதுவும் ஓடிக்கிட்டிருக்கு. ஷீட்டைத் திருத்திக் கொடுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன். இதோட விட்டுடலாம்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது.

"ஒண்ணு இல்ல சார்" என்றார் அக்கா. "அதுக்கு முன்னாடி ஏழு கீது."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். நான் அக்காவின் முழங்கையைத் தொட்டேன். அவர் கவனிக்கவில்லை. ரேக்கைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார்.

"ஏழு லச்சத்தி பதினாலாயிரத்தி நாப்பத்தேழு. எழுவத்தொண்ணு, எம்பத்தொம்பது, நூத்திப்பதிமூணு. ஆறு லச்சத்தி எழுவத்திமூவாயிரத்தி முன்னூத்தி அறுவத்தேழு. அம்பத்தொம்பது, நூத்தியொண்ணு, நூத்திப்பதிமூணு..."

எந்த வருடம், எந்த ஜாப், அதற்குப் பதிலாக எந்த எண்ணுக்குப் போனோம் என்பது வரை ஒவ்வொன்றாகச் சொன்னார். குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. பஸ்ஸில் டிக்கெட்டைப் பார்த்துச் சொல்கிற அதே குரல். இரண்டாவது எண் வரும்போதே மேனேஜர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கையிலிருந்த பேனாவை வாங்கி எழுத ஆரம்பித்திருந்தார். எழுத எழுத அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஒன்றை மன்னிக்கிற முகம் வேறு, எட்டைப் பார்க்கிற முகம் வேறு. ஏழும் முடிந்ததும் எட்டாவதாக 734387-ஐயும் அக்காவே சொல்லி உடைத்தார். அறுபத்தேழு, தொண்ணூற்றேழு, நூற்றுப்பதின்மூன்று.

எட்டு ஷீட்டையும் நான் திருத்தினேன். பழைய ஏழும் வேறு யாரோ கையெழுத்துப் போட்டவை. அடியில் சரியான கணக்கை எழுதினேன். வேலையில் என்னை உறுதி செய்வதை மூன்று மாதம் தள்ளிவைத்தார்கள். அக்காவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அடுத்த வாரம் டைம் ஆபீஸ் சுவரில் ஒட்டிய பெர்மனென்ட் லிஸ்ட்டில் அவர் பெயர் இல்லை.

அன்று மத்தியானம் மேனேஜர் ரேக் பக்கம் வந்தவர் லிஸ்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைக் கியரைக் காட்டி, "நம்பர் பஞ்ச் பண்ணாம எதையும் ரேக்ல தொங்கவிடக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா ஸ்டோரிலிருந்து எண் அச்சுகளையும் சுத்தியலையும் எடுத்து வந்தார். கியரை மரக்கட்டையின் மேல் வைத்து ஒன்று என்ற அச்சை அடித்தார். பக்கத்தில் இன்னொரு ஒன்றை அடித்தார்.

அண்ணன் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு நேராக அங்கேதான் வந்தார்.

"அவரே விட்டுருவோம்னுதானே சொன்னாரு? ஒண்ணோட நிறுத்தியிருந்தா இன்னைக்கு நீங்க பெர்மனென்ட்டு. யாரு கேட்டா அந்த ஏழையும்?"

அக்கா மூன்று என்ற அச்சைத் தேடி எடுத்தார். தலைகீழாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இடத்தில் வைத்தார்.

"எட்டு கீது. ஒண்ணுன்னு எப்டிண்ணா சொல்றது?" என்றார். சுத்தியலால் ஒரே அடி.